வாடகையும் ருசியும்: பினாங்கு ஜார்ஜ் டவுன் தெருக்களில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நாகப்பட்டினத்தில் நின்றுகொண்டு மலேசியாவின் பினாங்குத் தீவைப் பற்றிப் பேசுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். சென்னையில் கிளம்பி, இந்தத் துறையில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கில் போய் இறக்கிய ‘ரஜூலா’ கப்பலை நினைவு வைத்திருக்கிற பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். நம் நாகூர் தர்காவை நினைத்து அங்கே போனவர்கள் சூலியா தெருவில் கட்டிய ‘நாகூர் தர்கா’ இன்றும் இருக்கிறது. ஆகவே ஊர் அறிமுகத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1786-இல் பிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். ஜார்ஜ் டவுன் பிறந்தது. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அவ்வளவு போதும். நான் பேச வந்தது சாப்பாட்டைப் பற்றி. சாப்பாட்டைப் பேசினால் வாடகையையும் பேசித்தான் ஆகவேண்டும்.

முதலில் நாசி கண்டார். காவடிபோலத் தோளில் ஒரு தடி. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். அந்தத் தடிக்கு மலாயில் கண்டார் என்று பெயர்; நாசி என்றால் சோறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு நம் தமிழ் முஸ்லிம்கள் இப்படித்தான் சோறு கொண்டுபோய் விற்றார்கள். பிறகு சிலர் தடியை இறக்கிவைத்துக் கடை போட்டார்கள். கேம்பல் தெருவில் ஹமீதியா கடை 1907-இலிருந்து நடக்கிறது.

அந்தச் சோற்றை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. வரிசையில் நின்று பொரித்த கோழி, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய் என்று கை காட்டிக்கொண்டே போகவேண்டும். கடைசியில் ‘பஞ்சிர்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெள்ளம் என்று பொருள். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மொண்டு சோறு முழுகுகிறமாதிரி ஊற்றுவார்கள். நம் வீட்டில் கோழிக் குழம்பின் மேல் மீன் குழம்பை ஊற்றிப் பாருங்கள், அதே கரண்டியால் அடி விழும்! அங்கே அந்தக் கலவைக்குத்தான் கூட்டம். இது தமிழ்நாட்டில் பிறந்த சாப்பாடு இல்லை. சமைத்தவர் தமிழர், சாப்பிட்டவர்களில் சீனரும் மலாய்க்காரரும் உண்டு. அவசரத்தில் சாப்பிடுகிற உழைப்பாளிக்குத் தட்டில் தனித்தனிக் கிண்ணம் வைக்க யாருக்கு நேரம்?

அடுத்தது கோப்பித்தியாம் என்கிற சீனக் காப்பிக்கடை. பெரும்பாலும் ஹைனான் தீவுக்காரர்கள் தொடங்கியவை. மற்ற சீனர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். நல்ல தொழில்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்துவிட்டதால் வெள்ளைக்காரர் வீட்டிலும் கப்பலிலும் சமையலுக்குப் போனார்கள். அங்கே பழகிய ரொட்டியையும் காப்பியையும் வைத்துப் பிறகு கடை திறந்தார்கள். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கன்னங்கரேலென்று வறுத்து, பொடியை நீளத் துணிப்பையில் போட்டு வடிக்கிறார்கள். சும்மா ‘கோப்பி’ என்றால் டின் பால் கலந்து வரும். பால் வேண்டாமென்றால் ‘கோப்பி ஓ’. கும்பகோணம் டிகிரி காப்பியோடு அதை ஒப்பிட்டுக் குறை சொல்பவர்களை அங்கேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பொழுது போகவேண்டும், வேறொன்றுமில்லை.

நான் கவனித்துப் பார்த்தது அந்தக் கடை நடக்கிற கணக்கைத்தான். கடைக்காரர் விற்பது காப்பி, தேநீர், குளிர்பானம். சாப்பாடு அவருடையது அல்ல. முன்புறம் ஒருவர் குவே தியாவ் என்கிற பட்டை அரிசி நூடுல்ஸை வறுத்துப் போடுவார், இன்னொருவர் புளி மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட அசாம் லக்சா விற்பார். எல்லாரும் கடைக்காரருக்கு இடவாடகை கொடுக்கிறவர்கள். காலையில் ஒருவர் நின்ற இடத்தில் மாலையில் வேறொருவர் நிற்பார். எந்தத் தள்ளுவண்டியில் வாங்கினாலும் மேசையில் உட்கார்ந்தால் குடிக்க ஏதாவது வாங்கிவிடவேண்டும். நாற்காலிக்கு வாடகை அது. ஒரே ஒரு பண்டம் செய்யத் தெரிந்தவரும், பெரிய முதல் இல்லாமல், ஆயுள் முழுக்க அதையே செய்து பிழைக்கலாம். ஒரு வாணலியில் ஒரு தட்டுக்கான குவே தியாவை மட்டும், இறால், மட்டி, முட்டை போட்டு, பெருந்தீயில் பிரட்டி எடுக்கிற கை அப்படி வந்ததுதான்.

இந்தக் கணக்கு நடந்ததற்கு அடியில் ஒரு சட்டம் இருந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்தது. கீழே கடை, மேலே குடும்பம், முன்னால் ஐந்தடி நடைவழி, அதில் வண்டிக்காரர். 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கத் தீர்மானித்தார்கள். 2000 ஜனவரி முதல் தேதியோடு கட்டுப்பாடு போயிற்று. வாடகை ஏறியது. தலைமுறையாக இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிறகு யுனெஸ்கோ வந்தது. 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளை வரைந்தார்; அதன் முன்னால் நின்று படம் எடுக்க வரிசை நீண்டது. வரிசையில் நிற்பவருக்குத் தாகம் எடுக்காதா? கஃபேக்கள் வந்தன.

அந்தக் கஃபேக்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒழுகிய கூரையை மாற்றியவர்கள், பூப்போட்ட தரையைக் கழுவிக் காட்டியவர்கள் அவர்களும்தான். கேக்கும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேல்மாடியில் குடியிருந்து, விடியற்காலையில் கீழே இறங்கி ஒரு கோப்பி குடித்தவர் இப்போது தீவின் வேறெங்கோ அடுக்குமாடியில் இருக்கிறார். தினமும் வருகிறவருக்காகச் சமைத்த கடைக்கு, ஒரே ஒருமுறை வருகிறவர் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? உப்பு குறைந்தால் மறுநாள் வந்து சொல்ல ஆள் இருக்காது.

பினாங்கு அரசுக்கும் ருசி பற்றிய கவலை வந்தது. 2016-இல் தெருக்கடைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் தலைமைச் சமையல் செய்யக்கூடாது என்று விதி போட்டார்கள். நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சிரிப்பு வராமல் இல்லை. தடியில் சோறு சுமந்தவர் யார்? ஹைனானிலிருந்து வந்தவர் யார்? இந்த விதி நூறு வருடத்துக்கு முன்னால் இருந்திருந்தால், காப்பதற்கு அங்கே நாசி கண்டாரே இருந்திருக்காது. கரண்டியைப் பிடிப்பவர் எந்த நாட்டார் என்று கேட்டவர்கள், கரண்டி பிடிப்பவருக்கு அந்தத் தெருவில் குடியிருக்கக் கட்டுப்படியாகிறதா என்றும் கேட்டிருக்கவேண்டும்.

இன்றைக்கும் நாசி கண்டார் கடைகளில் தட்டு எடுக்கிற, குழம்பு ஊற்றுகிற பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் போனவர்கள். போனால் தமிழிலேயே கேளுங்கள். எந்த நேரத்தில் எது சூடாக இறங்கும் என்று அவர்களே சொல்வார்கள். விலையை மட்டும் தட்டு நிரம்புவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். மீன் தலைக்கும் பெரிய இறாலுக்கும் கணக்கு வேறு.

நேரம் ஆகிவிட்டது. கேள்வி இருந்தால் கேட்கலாம்.