வீட்டிலிருந்து வேலை: ஆபீஸ் லேப்டாப்பை வேறு யார் தொடுகிறார்கள்?

[காட்சி: பாளையங்கோட்டையில் ஒரு வீடு. பட்டாசல் மேசையில் லேப்டாப், பக்கத்தில் வைஃபை ரவுட்டர்.]

வணக்கம். சென்னை, பெங்களூரு கம்பெனிகளின் வேலை இன்று அம்பாசமுத்திரத்து மாடி அறையிலும் சங்கரன்கோவில் வீட்டுத் தார்சாவிலும் நடக்கிறது. ஆபீஸ் என்றால் பாதுகாப்பைக் கவனிக்க ஒரு குழு இருக்கும். வீட்டில் அது வேலை செய்கிறவர் தலையில் விழுகிறது. அதில் பெரும்பங்கு முதலாளி சுமக்க வேண்டியது என்றே நான் நினைக்கிறேன். 2022-ல் லாஸ்ட்பாஸ் கம்பெனிக்கு நடந்ததைப் பாருங்கள்.

[காட்சி: பூட்டிய பெட்டகம், நான்கு சாவிகள்.]

மற்றவர்களின் பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அவர்கள் தொழில். முக்கியமான காப்புப் பிரதிகளைத் திறக்கும் சாவி நான்கு பொறியாளர்களிடம் மட்டுமே இருந்தது. திருடர்கள் அவர்களில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரைக் குறிவைத்தார்கள். அதில் படம் பார்க்கும் மென்பொருள் ஒன்று, பழைய பதிப்பு. அதன் ஓட்டை வழியாக நுழைந்து, அவர் தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் நிரலை வைத்தார்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் அவர் முறையாகத்தான் செய்தார். ஆனாலும் பெட்டகத்தைத் திறக்கும் அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டு போய்விட்டது. வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்த பெட்டகங்களின் பிரதிகளும் போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2020-லேயே வந்திருந்தது என்பதுதான் கொடுமை.

அதனால் கம்பெனி நடத்துகிற அண்ணாச்சிமாருக்கு முதலில் சொல்கிறேன்: "உன் லேப்டாப்பிலேயே பார்த்துக்கோ" என்று சொல்லாதீர்கள். வேலைக்குத் தனி லேப்டாப் கொடுங்கள். இப்போதைக்கு முடியாது என்றால், அதே லேப்டாப்பில் பிள்ளைகளுக்குத் தனி யூசர் கணக்காவது போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், அட்மின் உரிமை இல்லாமல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதையும் பாருங்கள்.

[காட்சி: ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் திரை.]

நம் ஊரில் யாரும் பேசாத ஓட்டை ஒன்று உண்டு, ஜெராக்ஸ் கடை. சம்பளப் பட்டியலையோ வாடிக்கையாளரின் ஆதார் நகலையோ கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். காகிதம் நம் கையில், ஃபைல் கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில். கடைக்காரர் நல்லவர்தான், அடுத்து அங்கே உட்காருகிறவர் யார்? பென்டிரைவ் கொண்டு போனால் திரும்பும்போது வைரஸும் கூடவே வரலாம். பிரிண்ட் தேவைப்படும் வேலை என்றால் வீட்டுக்கு ஒரு பிரிண்டரைக் கம்பெனி வாங்கித் தரட்டும்.

வைஃபைக்கு வருவோம். இணைப்பு கொடுக்க வந்தவர் உங்கள் செல் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டிருப்பார். அதை மாற்றுங்கள், ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் சேர்த்து. சாரல் சீசனில் குற்றாலம் லாட்ஜிலிருந்து வேலை பார்த்தால், லாட்ஜ் வைஃபையை விட உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட் மேல். கம்பெனி விபிஎன், அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் இணைப்பு, கொடுத்திருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: ஒலிக்கும் செல்போன்.]

அப்புறம் அந்த போன். "ஐடி டீம்ல இருந்து பேசுதேன், எனிடெஸ்க் போடுங்க, ஓடிபி சொல்லுங்க." எனிடெஸ்க் என்பது உங்கள் லேப்டாப்பைத் தூரத்திலிருந்தே இயக்க விடும் மென்பொருள். நம் பேச்சுவழக்கிலேயே பேசினாலும் நம்ப வேண்டாம். வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த கம்பெனி எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குக் கம்பெனி தகவல் கொடுத்தாக வேண்டும், 2022-ல் வந்த உத்தரவு இது. ஆனால் தப்பான லிங்கைத் தட்டிய பிள்ளை, வேலை போய்விடுமோ என்று சாயங்காலம் வரை வாய் திறக்காவிட்டால் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? அதுவரை திருடன் உள்ளே உலாவிக்கொண்டிருப்பான். தானாக வந்து சொல்கிறவரைத் திட்டமாட்டோம் என்று இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு எண்ணும் கொடுங்கள். வேலை பார்க்கிறவர்கள் அதை லேப்டாப்பில் மட்டும் வைக்காமல், சுவரில் தொங்கும் காலண்டர் அட்டையில் எழுதிவிடுங்கள். லேப்டாப் பூட்டிக்கொண்ட நேரத்தில்தான் அந்த எண் தேவைப்படும்.