நாலரை மைக்ரான் எங்கிருந்து வருகிறது?

அவையோருக்கு வணக்கம்.

அழுத்தினால் மின்சாரம் தரும், மின்புலம் கொடுத்தால் நீளும் பொருள்களால் ஆனவை அழுத்தமின் கருவிகள். அவற்றில் கோலோச்சும் பி.இசட்.டி. (ஈய சிர்க்கோனேட் டைட்டனேட்) பீங்கானின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் ஈயம்தான். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயத் தடை நடைமுறைக்கு வந்தபோதும் இவ்வகைப் பீங்கான்களுக்கு விலக்குத் தர வேண்டியிருந்தது. அப்போது ஈடான மாற்று கைவசம் இல்லை.

அடுத்த ஆண்டே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. பிஸ்மத் சோடியம் டைட்டனேட் 92, பேரியம் டைட்டனேட் 6, பொட்டாசியம் சோடியம் நயோபேட் 2 மோல் சதவீதம். இந்தக் கலவை, மில்லிமீட்டருக்கு 8 கிலோவோல்ட் மின்புலத்தில் 0.45 சதவீதத் திரிபு (தன் அளவோடு ஒப்பிட்ட நீட்சி) தந்தது. 1 மி.மீ. தடிமனுள்ள வில்லை நாலரை மைக்ரான் நீள்கிறது என்று பொருள்.

அந்த 2 சதவீத நயோபேட்டில்தான் சூட்சுமம். அது இல்லாவிட்டால் முதல்முறை மின்புலம் கொடுத்ததும் பீங்கான் ஃபெரோமின் ஒழுங்குக்கு, அதாவது உள்ளிருக்கும் மின்முனைவுகள் அணிவகுத்து நிற்கும் நிலைக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். நீண்டது நீண்டபடியே நிற்பதால், அடுத்த சுற்றுகளில் நமக்குக் கிடைக்கும் திரிபு சொற்பம். நயோபேட் அந்த ஒழுங்கைக் குலைக்கிறது. மின்புலம் ஏறும்போது சிதறிக் கிடந்த நுண்களங்கள் (ஒரே திசை மின்முனைவுள்ள நுண்ணிய பகுதிகள்) ஒன்றுசேர்கின்றன. இறங்கும்போது மறுபடி சிதறுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முழு நீட்சியும் கிடைக்கிறது.

இதற்கு நாம் கொடுக்கும் விலையும் பெரியது. வெப்பநிலை சற்று இறங்கினால் ஒழுங்கு கலையாமல் தங்கிவிடுகிறது. ஏறினால் அதை உண்டாக்க இன்னும் அதிக மின்புலம் வேண்டும். தயக்க வளையம், அதாவது மின்புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் மின்முனைவு வேறு வேறு பாதையில் செல்வதால் வரைபடத்தில் உருவாகும் வளையம், அகலமானது. அதன் பரப்பு முழுவதும் வெப்பமாகிறது என்பதால், விடாமல் வேகமாக இயங்கும் கருவிக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

அளவீட்டில்தான் பலர் இடறுகிறார்கள். அண்மைக் காலத்தில் மெல்லிய வில்லைகளில் 1 சதவீதத்துக்கும் மேலான திரிபுகள் வெளியாகின்றன. ஒரு கணக்கைப் பாருங்கள். வில்லையின் விட்டம் 10 மி.மீ., தடிமன் 0.2 மி.மீ. மேல் முகமும் கீழ் முகமும் பக்கவாட்டில் சுருங்குவதில் வெறும் 0.01 சதவீத வேறுபாடு இருந்தாலே வில்லை கிண்ணம்போல் வளையும். விளிம்பைவிட நடுப்பகுதி 6 மைக்ரான் உயரும். உணரி அதையும் நீட்சி என்றே பதிகிறது. தடிமனால் வகுத்தால் 3 சதவீதம்! பொருளோ அப்படி நீளவே இல்லை. முகங்களில் ஆக்சிஜன் காலியிடங்கள் (ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய, ஆனால் இல்லாத இடங்கள்) சமமாக இல்லாவிட்டால் இந்த வேறுபாடு எளிதில் வந்துவிடும்.

ஆகவே வில்லையைத் திருப்பிப்போட்டு, அதே முகத்துக்கு அதே மின்முனையைக் கொடுத்து, மறுபடி அளந்து பாருங்கள். வளைவு கலந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. பிறகு தடிமனை இரட்டித்து, அதே மின்புலத்தில் பாருங்கள். மெய்யான திரிபு மாறாது. அதே முக வேறுபாட்டால் வரும் வளைவுத் திரிபு நாலில் ஒன்றாகும். வில்லையை இரு பக்கமும் நடுவில், நேருக்கு நேர், சிறு முனைகளால் தாங்கினால் வளைவின் பங்கு பெரிதும் குறையும். மின்பொறி தாவாமலிருக்க சிலிகோன் எண்ணெயில் மூழ்கவையுங்கள்.

முதல் சுற்றைக் கட்டாயம் பதியுங்கள். பீங்கான் நீண்டபடி தங்குகிறதா, திரும்புகிறதா என்று காட்டுவது அதுதான். தேய்த்து மெருகேற்றிய வில்லையை அதற்கு முன் 400 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள். தேய்ப்பில் ஏறிய தகைவு (உள் இறுக்கம்) உள்ளே இருந்தால் முதல் சுற்றே பிழையாகிவிடும்.