காலை ஏழு மணி இட்லியும் ரத்தப் பதிவேடும்

வணக்கம் மக்களே. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சேவைச் சங்கத்தின் ஞாயிறு காலைக் கூட்டமும் பந்தியும் முடிந்து இலை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மண்டபத்தை ஒன்பது மணிக்குள் காலி செய்துகொடுக்க வேண்டும், அடுத்து ஒரு வளைகாப்பு இருக்கிறது. அதற்குள் பேசி முடித்துவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரை எடுக்கும்போதெல்லாம், "வீட்டில் இட்லி இல்லையா தாயி, அதற்காக ஒரு சங்கமா?" என்று கேட்பார். அவர் மட்டுமில்லை, பாதி ஊருக்கு அந்த எண்ணம்தான். சேவைச் சங்கம் என்றால் இட்லி சாப்பிடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், நாலு பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுப்பார்கள். முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பொன்னாடை விஷயத்தில் பெரியம்மா கட்சிதான் நானும். சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, அவரை அழைத்துவந்தவருக்கு ஒன்று, அழைத்துவந்தவரை அறிமுகம் செய்தவருக்கு ஒன்று என்று போர்த்திக்கொண்டே போகும் மேடைகளை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். பேனரும் அப்படித்தான். நான் அச்சகம் வைத்திருப்பவள், பேனர் அடித்தால் எனக்கு வருமானம். ஆனாலும் சொல்கிறேன், அத்தனை பேனர் தேவையில்லை.

எங்களுடையது பாளையங்கோட்டைப் பக்கம் இயங்கும் ஒரு ரோட்டரி சங்கம். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் எங்கள் தலைவர் அண்ணாச்சி அதற்கும் ஒரு பேனர் அடிக்கச் சொல்வார்.

இதோ இந்தத் தகர டப்பாவைப் பாருங்கள். ஏழு மணிக்கு மேல் உள்ளே வருகிறவர் இதில் பத்து ரூபாய் போட வேண்டும். டாக்டர் என்றாலும் சரி, நேற்றுச் சேர்ந்த தம்பி என்றாலும் சரி. பிறந்தநாள், பேரன் பிறந்தது, மகளுக்கு வேலை கிடைத்தது என்று சந்தோஷத்துக்கும் போடலாம். ஏழு மணிக்குத் தலைவர் மணியடிப்பார். சாப்பிட இருபது நிமிடம். பிறகு செயலாளர் போன வார வேலைகளைப் படிப்பார், பொருளாளர் கணக்கைச் சொல்வார், வெளியாள் ஒருவர் பேசுவார். இன்றைக்கு மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா வந்திருந்தார். மழைக்காலத்தில் அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், ஈரச் சுவரில் சுவிட்சை எப்படி அணைக்க வேண்டும் என்று பேசினார். இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்றிருந்தது.

இட்லிக்கு வருகிறேன். அதற்கு அவரவர் கைக்காசு. இதைப் பெரியம்மாவுக்கு எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டார். சந்தாவும் சாப்பாட்டுக் காசும் ஒரு கணக்கு. ஊரார் தரும் நன்கொடை தனிக் கணக்கு, தனி வங்கிப் புத்தகம். அந்தப் பணத்தில் ஒரு சுக்குக் காப்பி குடித்தாலும் எங்கள் பொருளாளர் அக்கா சும்மா விடமாட்டார். நீங்கள் எந்தச் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் காலையில்? இங்கே மாலை என்பது வியாபாரம். துணிக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், மாலையில் நோயாளி பார்க்கும் டாக்டர் யாரும் ஆறு மணிக்கு மேல் வரமுடியாது. தவிர, காலையில் பேச்சு நீளாது. சாயங்காலக் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்தவர் விடமாட்டார். காலையில் எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும்.

வாரந்தோறும் கூடத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. 2016-இல் ரோட்டரியின் உலகச் சட்ட மன்றம் விதியைத் தளர்த்திவிட்டது. மாதம் இரண்டு முறை கூடினாலே போதும். நிறையச் சங்கங்கள் அப்படி மாறிவிட்டன. எங்களுக்குள்ளும் அந்தப் பேச்சு வந்தது. நான் வாரக் கூட்டம்தான் வேண்டும் என்று சண்டை போட்ட கட்சி. காரணம் சொல்கிறேன்.

நான் இருப்பது சிந்துபூந்துறை. இங்கே வருவதற்கு சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்க வேண்டும். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோசன முதலியார் தம் கைப்பணத்தைக் கொட்டித் தாமிரபரணிக்குக் குறுக்கே கட்டிக்கொடுத்த பாலம். 1843-இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே படகுதான். ஒரு மனிதர், ஒரு மனசு, ஒரு தடவை கொடுத்தார். இன்றுவரை நாம் அதன்மேல் போகிறோம். அவருக்கு வாராந்திரக் கூட்டம் தேவைப்படவில்லை.

ஆனால் ரத்தத்தை அப்படிக் கொடுத்து வைக்கமுடியாது. பால் பாக்கெட்டைப்போல அதற்கும் தேதி உண்டு. தானமாக எடுத்த முழு ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சாதாரணமாக 35 நாள்தான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் என்றால் 5 நாள். இப்போது நம் ஊரில் முகாம்கள் எப்போது நடக்கின்றன என்று நினைத்துப்பாருங்கள். சுதந்திர தினம், குடியரசு தினம், தலைவர்களின் பிறந்தநாள். ஒரே நாளில் எல்லோரும் கையை நீட்டுகிறார்கள். ஆண்கள் கொடுத்தால் அடுத்த 3 மாதம், பெண்கள் கொடுத்தால் 4 மாதம் மறுபடி கொடுக்கமுடியாது. ஆக, அந்த வாரம் குளிர்பெட்டி நிரம்பி வழியும், அடுத்த மாதம் காலி. ஏப்ரல், மே வந்தால் இன்னும் மோசம். கல்லூரி மாணவர்கள்தான் பெரிய கொடையாளர்கள், அவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருப்பார்கள். உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத தலசீமியா என்ற பிறவி நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அந்தக் குழந்தைக்கு விடுமுறை கிடையாது.

எங்கள் சங்கம் ரத்தம் எடுப்பதில்லை. அது உரிமம் பெற்ற ரத்த வங்கியின் வேலை. எங்கள் வேலை இந்தப் பதிவேடு. கிட்டத்தில் காட்டுகிறேன், பெயர்களை மட்டும் கையால் மறைத்துக்கொள்கிறேன். இந்தப் பத்தியில் ரத்த வகை, இதில் கடைசியாகக் கொடுத்த தேதி, இதில் அடுத்து எப்போது கொடுக்கலாம் என்பது. சிவப்பு மையில் இருப்பவர்கள் ஊரைவிட்டு வேலைக்குப் போய்விட்டவர்கள், பச்சை மை இந்த வாரம் தகுதி வந்தவர்கள். ஞாயிறுதோறும் இட்லிக்கும் காப்பிக்கும் இடையே இதைத்தான் திருத்துகிறோம். "அந்தத் தம்பி சென்னைக்குப் போய்விட்டான்", "இந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இப்போதைக்குக் கூப்பிடாதே" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒரு மாதம் திருத்தாமல் விட்டால் இந்தப் புத்தகம் பழைய தொலைபேசி எண்களின் தொகுப்பாகிவிடும். நள்ளிரவில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை வாசலில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பெரியம்மாவிடம் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். இட்லி சாப்பிடாவிட்டால் இந்த வரிகளைத் திருத்த இத்தனை பேர் ஒரே மேசைக்கு வரமாட்டார்கள்.

கண் முகாமிலும் இதே கதைதான். 1925-இல், பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர், எங்களைப்போன்ற இன்னொரு சேவைச் சங்கமான லயன்ஸ் சங்கத்தாரைப் பார்த்துப் பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். கண் சேவையில் அவர்கள் பெயர்தான் பெரியது, அதில் எனக்குப் பொறாமை இல்லை. களக்காடு, நாங்குநேரிப் பக்கம் முகாம் போட்டால், கண்புரை இருப்பவரைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். வேன் நிற்கும், அறுவை சிகிச்சை இலவசம். அப்போது பாட்டி சொல்வார், "ஆட்டுக்குட்டியை யார் பார்ப்பது?" அங்கேதான் எங்கள் வேலை தொடங்கும். பக்கத்து வீட்டு மதினியிடம் பேசி ஆட்டுக்கு ஏற்பாடு, பேரனுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு. பாட்டி வேனில் ஏறுவார். திரும்பி வந்தபின் சொட்டு மருந்து விடுகிறாரா, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தாரா என்று யாராவது பார்க்க வேண்டும். முகாமன்று படம் எடுக்க முப்பது பேர் வருவார்கள், மறுபரிசோதனைக்கு இரண்டு பேர்கூட வருவதில்லை. அந்த இரண்டு பேர் யார் என்பதைக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி எழுதிவைக்கிறோம். எல்லோர் முன்னாலும் எழுதினால் வராமல் இருக்கமுடியாதே.

போலியோவைப்பற்றிக் கொஞ்சம். 1985-இல் ரோட்டரி அதை உலகம் முழுவதற்குமான தன் வேலையாக எடுத்துக்கொண்டது. இந்தியாவில் 1995-இல், நாடு முழுக்க ஒரே நாளில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் பல்ஸ் போலியோ நாட்கள் தொடங்கின. ஹவுராவில் ஒரு குழந்தைக்கு 2011 ஜனவரி 13 அன்று வந்ததுதான், இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் நம் நாட்டில் வந்த கடைசி நோய். 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. கடைசி நோயாளிக்குப் பின்னும் ஏன் சொட்டு மருந்து என்று கேட்பவர்கள் உண்டு. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் ஒழியவில்லை. அதனால்தான் பேருந்து நிலையத்தில் மேசை போட்டு, குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வாரக் கூட்டம் வேண்டும் என்று நான் போட்ட சண்டையில் எனக்குக் கைகொடுத்தது 2023 வெள்ளம். டிசம்பர் 17, 18. நெல்லை ஜங்ஷன் பகுதி முழுக்கத் தண்ணீர், எங்கள் தெருவும் சேர்த்து. எப்படிக் கைகொடுத்தது என்று சொல்ல, ரோட்டரி தொடங்கிய கதைக்குப் போக வேண்டும். ரோட்டரியை 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் தொடங்கிய நால்வரில் பால் ஹாரிஸ் வழக்கறிஞர். மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்கடைக்காரர். ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது பழைய முறை. வியாபாரத் தொடர்புக்காகத்தான் அப்படி ஆரம்பித்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் வெள்ளத்தன்று அந்த முறையின் அருமை தெரிந்தது. அரிசி மண்டி அண்ணாச்சி, டிராக்டர் வைத்திருப்பவர், கல்யாணச் சமையல்காரர், மருந்துக்கடை அக்கா எல்லோரும் ஏற்கனவே ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். யாரும் யாரையும் தேடவில்லை. சாம்பார் சாதம் வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும், புளியோதரை போடுங்கள் என்று சொன்னவர் சமையல்கார அண்ணன். முதல் நாள் சாம்பார் சாதம் கட்டி அனுப்பிய வேறு சிலரின் பொட்டலங்கள் என்ன ஆயின என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நடுவில் ஒன்று. இந்த ரோட்டரியில் பெண்களைச் சேர்க்கலாம் என்று உலக அளவில் விதி மாறியது 1989-இல்தான். 84 வருடம்! உலகத் தலைவராக முதல் பெண் வந்தது 2022-இல். இங்கேயும் சில பழைய ஆட்கள் இன்னும் என்னைப் பார்த்ததும், "அம்மா, பரிமாறுகிறவர்களுக்குக் கொஞ்சம் உதவுங்களேன்" என்கிறார்கள். நான் பதிவேட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, அவர் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியைக் காட்டுவேன். பேச்சு அதோடு நின்றுவிடும்.

சரி, மண்டபத்து அக்கா சாவியோடு வந்து நிற்கிறார். அடுத்த ஞாயிறு கூட்டம் முடிந்ததும் தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்துக்குத் துணி அகற்றப் போகிறோம். பரிகாரம் என்று குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். எடுத்தால் மறுவாரம் மறுபடி கிடக்கிறது, உண்மைதான். இந்த முறை படித்துறையிலேயே நின்று, வருகிறவர்களிடம் துணியை வாங்கிக்கொள்ளப் பெட்டி வைக்கிறோம். உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம். ரப்பர் கையுறை, வழுக்காத செருப்பு, ஒரு மாற்றுடை. நீச்சல் தெரிந்தாலும் படித்துறையைத் தாண்டி இறங்கவேண்டாம், அங்கே பாறைகளுக்கு இடையே இழுப்பு அதிகம். நனைந்த புடவை கல்லில் சுற்றிக்கொண்டால் இழுத்து வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் வீட்டில் பெரிய கத்தரிக்கோல் இருந்தால் கொண்டுவாருங்கள். என் அச்சகத்துக் கத்தரிக்கோலைத் தரமாட்டேன், போன தடவையே முனை மழுங்கிவிட்டது.