பத்தனையில் ஓர் இரவு: அட்டை, உண்ணி, நுளம்பு

[காட்சி: பனிமூட்டம் விலகாத பத்தனைப் புல்வெளி. சரிவின் தோளில் ஒரு சிறு கூடாரம்.]

வணக்கம். இலங்கை மலைநாட்டின் பத்தனைகளில், அதாவது மலைப் புல்வெளிகளில், கூடாரம் அடித்துத் தங்குவோரின் தூக்கத்தைக் கெடுப்பது குளிர் மட்டுமன்று, கடிக்கும் சிற்றுயிர்களும்தான். எதைப் பூசிக்கொண்டால் அவை அண்டாது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். கூடாரத்தை எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். இடம் சரியாக அமைந்துவிட்டால் பூச்சு மருந்துக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

[காட்சி: புற்களுக்கு மேலே கூட்டமாகச் சுழலும் சிறு பூச்சிகள்.]

இலங்கைத் தமிழில் நுளம்பு வேறு, கொசு வேறு. மலையகத்தில் இரண்டையும் கொசு என்றே அழைப்போர் உண்டு என்பதால், இந்த வீடியோவில் கொசு என்று நான் சொல்வது, ஈர மண்ணில் வளர்ந்து அந்தியிலும் விடியலிலும் கூட்டமாக வந்து கடிக்கும் மிகச் சிறிய ஈயினத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள் அது எளிதாக நுழைந்துவிடும் என்பதால், கூடாரத்தின் வலை அதைவிட நெருக்கமானதாக இருக்க வேண்டும். ஆனால் அதனால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. ஆகவே சதுப்பான பள்ளத்தை விட்டு, மென்காற்று ஓயாமல் வீசும் சரிவின் தோளில் தங்குவது நல்லது. இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதும் அந்தப் பள்ளத்தில்தான் என்பதால், இது குளிருக்கும் சேர்த்துப் பார்த்த ஏற்பாடாகும். அதற்காக மலை உச்சிக்கே ஏறிவிடாதீர்கள். இடிமின்னல் காலத்தில் உச்சி ஆபத்தானது. ஓடைக்கரையும் வேண்டாம். ஓடும் நீரில் வளரும் கருஈக்கள் பட்டப்பகலிலேயே கடிப்பவை.

ஹோட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு, அவர்கள் குறித்துத் தரும் இடத்தில் மட்டுமே தங்கலாம் என்பதால், அங்கே உங்கள் தெரிவு அந்த எல்லைக்குள் அடங்கும். நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் போவோரும் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

[காட்சி: ஈரமான சருகின் விளிம்பில் ஓர் அட்டை தலை தூக்கித் துழாவுகிறது. மிக அருகிலிருந்து.]

இனி அட்டை. அதைப் பூச்சி என்று சொன்னால் விஞ்ஞான ஆசிரியர் கோபித்துக்கொள்வார். அது மண்புழுவின் உறவு. மழை விட்ட கையோடு நக்கிள்ஸ் காட்டோரப் பாதையில் நடந்தால், நூல்போல் மெலிந்த அட்டைகள் நம் காலடி அதிர்வையும் மூச்சையும் உடற்சூட்டையும் உணர்ந்து, சாண் சாணாக அளப்பதுபோல் வளைந்து வளைந்து வருவதைக் காணலாம். கடிக்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஒருமுறை சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான், காலுறை நனைந்திருந்தது நீரால் அன்று, இரத்தத்தால் என்று எனக்குத் தெரிந்தது. கணுக்காலில் தொங்கிய அட்டை கருத்த போஞ்சி விதையளவு பருத்திருந்தது.

அதைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், உப்பையோ நெருப்பையோ வைக்கவும் வேண்டாம். துன்புறுத்தப்பட்ட அட்டை, வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம்; அதனருகே தோலை ஒட்டி நகத்தை நுழைத்துத் தள்ளினால் பிடி விடும், பின் மறுமுனையையும் அப்படியே விடுவிக்கலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால், கசிவு நெடுநேரம் நீடிக்கலாம். பதறாமல், சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்திருங்கள்.

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் காலில் சவர்க்காரத்தையோ உப்பையோ தேய்த்துக்கொள்வதுண்டு. அது பயன் தரும், ஆனால் அடுத்த மழை வரைதான். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலாக அணிந்து, அதன் மேல் விளிம்பில் சவர்க்காரம் தேய்ப்பதே என் வழக்கம்.

[காட்சி: புல் நுனியில் முன்கால்களை நீட்டியபடி ஓர் உண்ணி.]

மரைகளும் மாடுகளும் மேயும் புல்வெளியில் உண்ணி இருக்கும். மாலையில் கூடாரத்துக்குள் போகுமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால், கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் நம்மவரின் பழைய கைவைத்தியம், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

[காட்சி: உள்ளங்கையில் பூச்சு மருந்து.]

பூச்சு மருந்து என்றால், டீட் (DEET) என்னும் பூச்சிவிரட்டி இரசாயனம் 20 முதல் 30 சதவீதம் கலந்தது பல மணிநேரம் தாங்கும். இலங்கைக்கே பேர் பெற்ற சிட்ரொனெல்லா எண்ணெய் மணமானது, ஆனால் விரைவில் ஆவியாகிவிடும். அடிக்கடி பூச வேண்டும். வெயில் பூச்சு போடுவதாயின் அதை முதலில் பூசி, மருந்தை அதன்மேல் பூசுங்கள். டீட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதால், மூக்குக்கண்ணாடியையும் கைப்பேசியையும் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

புகை போடலாமே என்று கேட்பீர்கள். வறண்ட பத்தனைப் புல் ஒரு பொறியிலேயே பற்றிக்கொள்ளும். ஊவா மலைகள் எரிவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். கூடாரத்துக்குள் நுளம்புச் சுருள் கொளுத்துவதோ தற்கொலைக்குச் சமம்.

மத்திய மலைநாட்டில் உண்ணி வழியாகப் பரவும் புள்ளிக் காய்ச்சல் உண்டு. திரும்பி வந்த இரண்டு வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவந்த புள்ளிகளும் கண்டால், வைத்தியரிடம் போய், எந்தப் பத்தனையில், எந்தத் தேதியில் தங்கினீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். டொக்சிசைக்ளின் போன்ற மருந்தை நேரத்தோடு தொடங்கினால் அது குணமாகக்கூடிய நோய்தான்.