17 எடுத்த அணி 15 எடுத்த அணியிடம் தோற்றது எப்படி?

அடுத்த கேள்வியைப் படிக்கிறேன். "அயர்லாந்து கேலிக் கால்பந்தில் 1982 இறுதி ஆட்டத்தின் முடிவு ஆஃபலி 1-15, கெர்ரி 0-17 என்று போட்டிருக்கிறது. 17 எடுத்தவர்கள் எப்படித் தோற்றார்கள்? கடைசியில் விழுந்த அந்த கோல் வெறும் அதிர்ஷ்டம்தானா?"

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இந்த ஆட்டத்தில் கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். அன்றைய விதிப்படி பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட். கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று பாயிண்ட். 1-15 என்றால் ஒரு கோல், 15 பாயிண்ட். மொத்தம் 18. கெர்ரிக்குக் கோலே இல்லை, 17தான். ஒரே ஒரு பாயிண்டில் போய்விட்டது.

இப்போது அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கவுன்டியும், அதாவது மாவட்டம் மாதிரியான பகுதியும், ஒரு அணி. கெர்ரி 1978 முதல் 1981 வரை தொடர்ந்து நான்கு முறை அகில அயர்லாந்துக் கோப்பை வாங்கிய அணி. மிக் ஓ'டுவயர் பயிற்சியாளர். ஜாக் ஓ'ஷே, பாட் ஸ்பிலேன், மைக்கி ஷீஹி என்று ஒவ்வொருவரும் அசகாய சூரர். ஐந்தாவதையும் தொடர்ந்து அடித்தவர் அதுவரை யாருமே கிடையாது. ஆஃபலியோ நாட்டின் நடுவில் கரிச்சேற்று நிலம் நிறைந்த ஒரு சின்ன கவுன்டி. இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, காசு கொடுத்து வெளியிலிருந்து ஆள் எடுக்கவும் முடியாது. சொந்த மண்ணின் பிள்ளைகளை வைத்துத்தான் ஆட வேண்டும். அந்த அணியில் லோரி குடும்பத்திலிருந்து மட்டும் மூன்று அண்ணன் தம்பிகள். அதில் பிரெண்டன் லோரியின் மகன்தான் பின்னாளில் 2019இல் பிரிட்டிஷ் ஓபன் ஜெயித்த கோல்ஃப் வீரர் ஷேன் லோரி.

அவர்கள் திடீரென்று முளைத்து வரவில்லை. 1980 அரையிறுதியில் இதே கெர்ரியிடம் தோற்றார்கள். 1981 இறுதியிலும் இதே கெர்ரியிடம் தோற்றார்கள். பயிற்சியாளர் யூஜின் மெகீ அணியைக் கலைக்கவில்லை. 1982இல் லெய்ன்ஸ்டர் மாகாண இறுதியில் டப்ளினை நன்றாகவே அடித்தார்கள். அரையிறுதியில் கால்வேயை ஒரே ஒரு பாயிண்டில் தாண்டினார்கள். அப்போதெல்லாம் ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருடமே முடிந்தது.

சரி, 1982 செப்டம்பர் 19, இறுதி ஆட்டம், டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானம். மழை. இரண்டாம் பாதியில் கெர்ரிக்குப் பெனால்டி கிடைக்கிறது, அடிப்பவர் ஷீஹி. ஆஃபலி கோல்கீப்பர் மார்ட்டின் ஃபர்லாங் தடுத்துவிடுகிறார். அப்படியும் ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் கெர்ரி 17, ஆஃபலி 13.

இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். நான்கு பாயிண்ட் பின்னால் இருக்கும்போது கோல் அடித்தால் 16தான் ஆகும், தோல்விதான். அப்போது ஆஃபலியின் மாட் கானர் இரண்டு ஃப்ரீ கிக் அடிக்கிறார், இரண்டும் கம்பிக்கு மேலே. 15 ஆகிறது. இனி ஒரு கோல் விழுந்தால் ஜெயிக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது அந்த இரண்டு உதைகள்தான். என்னைக் கேட்டால் கோலில் பாதி அவருடையது.

அப்புறம் ஆஃபலியின் லியம் ஓ'கானர் உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். மாற்று ஆட்டக்காரராகச் சற்று முன்புதான் இறங்கிய ஆஃபலியின் சீமஸ் டார்பி, கெர்ரி தடுப்பாட்டக்காரர் டாமி டாயிலுக்குப் பின்னால் நின்று அதைப் பிடித்து, திரும்பி, ஒரே உதை. கெர்ரி கோல்கீப்பர் சார்லி நெல்லிகன் எம்பியும் எட்டவில்லை. டார்பி டாயிலின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார் என்று கெர்ரிக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நடுவர் விசில் ஊதவில்லை.

கெர்ரி மறுபடி எழுந்து 1984, 85, 86 மூன்றையும் வாங்கியது. ஆஃபலிக்கு அதன்பிறகு அந்தக் கோப்பை கிடைக்கவே இல்லை. மாட் கானர் 1984 கிறிஸ்துமஸ் அன்று கார் விபத்தில் சிக்கினார், அதோடு நடக்க முடியாமல் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 25. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

எல்லாரும் கோலை மட்டும் வெட்டி எடுத்துப் போடுகிறார்கள். முழு ஆட்டம் கிடைத்தால் 17-13இல் இருந்து ஓட விடுங்கள், அந்த இரண்டு ஃப்ரீ கிக்கையும் பாருங்கள்.