பந்தியின் மேல் பழி வேண்டாம்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மார்கழிப் பனியையும் பொருட்படுத்தாமல் போர்வையும் துண்டுமாக இந்தக் காவிரிக் கரைப் பந்தலில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'பண்டிகை நாளில் உடல்நலத்தைக் கெடுப்பது பந்தியா, பரபரப்பா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பந்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். அதிரசம், முறுக்கு, திருவையாற்று அசோகா அல்வா என்று பட்டியல் போட்டார். நாலாவது அதிரசத்தையும் தின்னச் சொல்கிறது நாக்கு என்றார். இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வைச் சொன்னார். ஒரு நாளைக்கு நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் மிகவும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் சொன்னார். அந்தக் கணக்குகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. அவர் பிடித்து வந்த ஆள்தான் தவறு. கூண்டில் ஏற வேண்டியது பரபரப்பு.

என் வீட்டிலிருந்தே சாட்சி கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி. குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முதல் நாள் இரவு அதிரசம் சுட்டார். மாவு எண்ணெயில் பிரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, வெந்ததை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெய் பிழிந்து அடுக்கி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு எழுந்துவிட்டார். வெந்நீர் போட்டு, எங்கள் எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்து, கடைசி ஆளாகத் தான் குளித்தார். ஏழு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டுக்கொண்டார். போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்து சென்னையிலிருந்து தம்பி வந்து இறங்கினான். பின்னாலேயே பெரியப்பா வீட்டார். "இந்த ஈடு மட்டும் எடுத்துவிட்டு வருகிறேன்" என்றார் அம்மா. அடுத்த ஈடு வந்தது. அதற்கடுத்த ஈடும் வந்தது.

பத்து மணிக்கு அடுப்படிக்குப் போனேன். அம்மாவின் நெற்றியில் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். இலைத் துண்டில் மாவை வைத்து வடை தட்டினார், நடுவில் துளை போட விரலைக் கொண்டு போனார். விரல் நடுங்கித் துளை ஓரத்துக்குப் போய்விட்டது. நாற்பது ஆண்டுகளாக வடை தட்டிய விரல் அது. "என்னம்மா செய்கிறது?" என்றேன். என் பெயரைச் சொல்லவில்லை. என்றோ இறந்துபோன அத்தையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

சர்க்கரை அளக்கும் கருவி 52 காட்டியது. 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். அம்மாவுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, அதனால் கொடுத்தோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐத்தான் அழைக்க வேண்டும். இதைத் தாய்மார்கள் தயவு செய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் கழித்து அளந்தபோது 84. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடுவர் அவர்களே, ஐந்து சம்படம் நிறையப் பலகாரம் இருந்த வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறவில்லை, இறங்கிப் போயிற்று. எதிரணி நண்பர் கூண்டில் நிறுத்திய அதே இனிப்புதான் அன்று அவரைக் காப்பாற்றியது. அம்மா அன்று பந்தியில் உட்காரவே இல்லை. உட்காராதவரைப் பந்தி எப்படிக் கெடுத்திருக்கும்?

நாலு பேருக்கும் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று ஒரே ஆளை நாலு பக்கமும் ஓட விடுகிறோம். அந்த ஓட்டத்தில் முதலில் போவது தூக்கம், அடுத்து வேளைச் சாப்பாடு, அதற்கும் அடுத்து மாத்திரை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லும் சுரப்பு குறைகிறது என்கிறது மருத்துவம். எதிரணி நண்பர் கண்ட அந்த நாலாவது அதிரசத்தைத் தின்னச் சொன்னது நாக்கு என்று அவர் நினைக்கிறார். முதல் நாள் இரவு தூங்காத உடம்புதான் அதைக் கேட்டது.

ஊருக்கு வரும் பிள்ளைகளைப் பாருங்கள். உழவன் விரைவு ரயிலிலோ மன்னை விரைவு ரயிலிலோ டிக்கெட் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் மணிக்கணக்கில் நின்று பஸ் பிடிக்கிறார்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு வழியில் ஏதோ ஓர் ஓட்டலில் பரோட்டா. விடிந்ததும் வந்து இறங்கி, எண்ணெய் தேய்த்து, ஒரே பகலில் ஆறு வீடு ஏறி இறங்கி, அன்றிரவே திரும்பவும் பஸ். இதில் பெண்கள் படும் பாடு தனி. வழியில் நல்ல கழிப்பறை இருக்காதே என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பண்டிகை முடிந்த வாரம் நீர்க்கடுப்பு என்று மருத்துவரிடம் போய் நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பந்தியில் அளவு மீறிச் சாப்பிட்டார்களா? தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பொங்கல் இன்னும் சில நாளில் வருகிறது. இங்கே அமர்ந்திருக்கும் விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பா அறுவடையும் பொங்கலும் கை கோத்துக்கொண்டு வரும். அறுவடை இயந்திரம் கிடைக்கும் நேரத்தில்தான் அறுப்பு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது சிரமம், இந்தப் பனியிலோ நெல் காயாது. குவியலை மூடிய தார்ப்பாயின் ஓரத்தில் சாக்கை விரித்து, பனி முழுக்கத் தலையில் வாங்கிப் படுத்திருக்கிறவருக்கு நெஞ்சுச் சளி கட்டினால் அதற்குச் சர்க்கரைப் பொங்கல் என்ன செய்யும்? அந்த ஓட்டம் அவர் விரும்பி ஓடுவது இல்லை, எனக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் இளவட்டங்கள் ஓர் இரவுக் காவலையாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்தியை வைத்த நம் முன்னோர் மருந்தையும் கூடவே வைத்தார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இடித்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறிய தீபாவளி லேகியம் எதற்கு? இலையில் பருப்பு, குழம்பு, ரசம், மோர் என்று ஒரு வரிசை எதற்கு? ஆளுக்கு ஆள் பரிமாறி, அவர் உண்டு முடிக்கும்வரை காத்திருக்கும் நிதானம் எதற்கு? அந்தக் காலத்தில் வயலில் உழைத்த உடம்பு, எதையும் செரித்தது என்று எதிரணித் தலைவர் சொல்வார். உண்மைதான். ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர் அரை மணி நேரமாவது சம்மணமிட்டு உட்கார்ந்தாரே! இப்போது கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம். எத்தனை போட்டோம் என்ற கணக்கு கைக்கும் தெரியாது, வயிற்றுக்கும் தெரியாது.

நாகூர்க் கந்தூரியானாலும் வேளாங்கண்ணியின் கிறிஸ்துமஸ் ஆனாலும் அடுப்படியில் நிற்கிறவர் கதை இதேதான்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிலவற்றை மாற்றினோம். அதிரசமும் முறுக்கும் நான்கு நாள் முன்பே பகலில் முடிந்துவிடும். முதல் நாள் இரவு பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவோம், எது மிச்சம் இருந்தாலும் சரி. பண்டிகையன்று ஆறு வீடு கிடையாது, இரண்டு வீடுதான். மற்றவர்களை அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கிறோம். பெரியப்பா முதலில் முகம் சுளித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினோம், அத்தனை நேரம் அவரோடு பேசி எத்தனை ஆண்டுகள் ஆயிற்று!

சென்ற தீபாவளிக்கு வடை தட்டியது தம்பி. ஏழு மணிக்கு அம்மா மாத்திரை போட்டார். ஏழரைக்குக் கூடத்தில் முதல் இலை அவருக்குப் போட்டோம். "எல்லாரும் வரட்டுமே" என்று எழப் போனவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். மூன்று இட்லி, ஒரு வடை சாப்பிட்டார். ஓர் அதிரசத்தைப் பிட்டுப் பாதியைத் தான் எடுத்துக்கொண்டு, மறுபாதியை என் மகளிடம் நீட்டினார். இரண்டு மணி நேரம் கழித்து அளந்தோம். 158.

அன்று அம்மா பந்தியில் உட்கார்ந்திருந்தார், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.