ஆர்டரே வராத யார்டுக்கு அரசாங்கம் காசு கொட்டின கதை

[திரையில்: கண்ணாடி உடைஞ்ச வரிசை வீடுங்க, பின்னாடி அமைதியா கடல்]

இதைப் பாத்தா ஜனங்க காலி பண்ணிட்டு போன ஊர் மாதிரி இருக்குல்ல? கிடையாதுங்க, இங்க யாரும் குடியே வரல. ஸ்காட்லாந்துல லாக் ஃபைன்னு ஒரு இடம், கடல் நீளமா நிலத்துக்குள்ள புகுந்து நிக்கும், அது கரையில இருக்குற போர்ட்டவாடியில எண்ணெய் பிளாட்ஃபார்ம் கட்டற யார்டுல வேலை பாக்க வர்ற சுமார் 500 தொழிலாளிங்க தங்கறதுக்காக 1970கள்ல கட்டின குடியிருப்பு இது, பேரு பால்ஃபெயில். ரூமு, கேன்டீன் எல்லாம் ரெடி. ஒரு தொழிலாளி கூட ஒரு ராத்திரி படுக்கல.

கதை என்னன்னா, 1970ல ஃபோர்ட்டீஸ், 1971ல பிரெண்ட்னு வட கடல்ல பெரிய எண்ணெய் வயலுங்க கிடைச்சுது. 1973ல எண்ணெய் விலை எகிறினதும் பிரிட்டனுக்கு ஒரே அவசரம், சீக்கிரம் எண்ணெய் எடுக்கணும், அதுக்கு நடுக்கடல்ல நிக்கற பிளாட்ஃபார்ம் வேணும், அதை நம்ம ஊர்லயே கட்டணும், இல்லேன்னா வேலையெல்லாம் நார்வேக்கு போயிடும்னு பயம். பயம் நியாயமானதுதான், ஏன்னா அங்க ஸ்டவாங்கர்ல காங்கிரீட் பிளாட்ஃபார்முங்க ஏற்கனவே எழும்பிக்கிட்டு இருந்துச்சு.

[திரையில்: டிரை டாக் எப்படி வேலை செய்யுதுன்னு அனிமேஷன்]

காங்கிரீட் பிளாட்ஃபார்ம் கட்டறதே ஒரு வேடிக்கை. கரையோரமா பெரிய பள்ளம் தோண்டி, கடல் தண்ணி வராம அடைச்சு (இதுதான் டிரை டாக்), உள்ள அடித்தளத்தை வார்ப்பாங்க. அப்புறம் தண்ணிய உள்ள விட்டா அந்த ராட்சச காங்கிரீட் மிதக்கும்! அதை ஆழமான இடத்துக்கு இழுத்துட்டு போய், மிதக்கும்போதே மேல மேல சுவர் ஏத்துவாங்க, ஏத்த ஏத்த அது கீழ இறங்கும். அதனாலதான் கரையை ஒட்டியே நல்ல ஆழம் இருக்குற இடமா தேடினாங்க, ஸ்காட்லாந்தோட மேற்குக் கரையில அது நிறைய.

இப்போ அரசாங்கம் பண்ணினது. இதுக்கான நிலத்தை அரசே எடுத்துக்கலாம்னு 1975ல தனிச் சட்டமே போட்டாங்க, போர்ட்டவாடியில அரசு செலவுலயே பள்ளம் தோண்டினாங்க, பக்கத்துல குடியிருப்பும் கட்டினாங்க. மொத்தம் ஒரு கோடி பவுண்டுக்கு மேல போச்சு. மாடு வாங்கறதுக்கு முன்னாடியே தொழுவம் கட்டின மாதிரி.

மாடு வரல. இங்கதான் விஷயமே இருக்கு. யார்டு கட்டறது அரசாங்கம், ஆனா பிளாட்ஃபார்ம் ஆர்டர் கொடுக்கறது எண்ணெய் கம்பெனி. பள்ளம் ரெடியா இருக்கேன்னு எந்தக் கம்பெனியும் காங்கிரீட் வாங்காது. ஆரம்பத்துல காங்கிரீட்டை விரும்பினதுக்கு ஒரு காரணம், எடுத்த எண்ணெயை அதோட அடித்தளத்துலயே தேக்கி வைக்கலாம், ஆனா ஷெட்லாந்து தீவுல இருக்குற சல்லம் வோ எண்ணெய் முனையத்துக்கு பைப்லைன் போட முடிவானதும் தேக்கி வைக்கற அவசியம் குறைஞ்சுடுச்சு. ஸ்டீல் பிளாட்ஃபார்மே போதும்னு ஆச்சு, அதைக் கட்ட நிக், ஆர்டர்சியர், மெத்தில்னு வேற யார்டுங்க இருந்துச்சு. போர்ட்டவாடிக்கு கடைசி வரைக்கும் ஒரு ஆர்டர் கூட வரல, ஒண்ணு கூட!

ஆர்டர் வந்த இடமும் பாருங்க, அதே மேற்குக் கரையில கிஷார்ன். அங்க நினியன் சென்ட்ரல்னு ஒரு பிளாட்ஃபார்ம் கட்டினாங்க, எடை சுமார் 6 லட்சம் டன், 1978ல இழுவைப் படகுங்க சேந்து இழுத்துட்டு போச்சு, அப்போ மனுஷன் நகத்தினதுலயே பெரிய பொருள் அதுதான்னு பேசினாங்க. அவ்ளோ பெருசு கட்டின யார்டும் 1987ல மூடிடுச்சு. ஏன்னா யார்டுக்கு சாப்பாடு ஆர்டர்தான், ஒரு பெரிய விருந்து சாப்பிட்டுட்டு எத்தனை வருஷம் தாங்கும்?

அரசாங்கத்தை முழுசா திட்ட எனக்கு மனசு வரல, 1974ல உக்காந்து பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணியிருக்கும். ஆனா ஒரு எண்ணெய் கம்பெனி கிட்டயாவது கையெழுத்து வாங்கிட்டு தோண்டியிருக்கலாம், அது மட்டும்தான் எனக்கு உறுத்துது.

[திரையில்: சுவர் முழுக்க ஓவியங்கள்]

பால்ஃபெயில்ல 2009ல கிராஃபிட்டி ஓவியருங்க வந்து காலிச் சுவரெல்லாம் வரைஞ்சுட்டு போனாங்க, 2016ல மொத்தத்தையும் இடிச்சுட்டாங்க. பிளாட்ஃபார்முக்குன்னு தோண்டின பள்ளம் மட்டும் அப்படியே இருக்கு. கடல் தண்ணி உள்ள வந்து நிக்குது, இப்போ அதுல உல்லாசப் படகுங்களை கட்டி வைக்கறாங்க.